முப்பத்திரண்டு நெம்பர் பனியன்

மூங்கிலில் ஆறு பனியன்கள் தொங்கின. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு என்று வரிசையாக நாற்பது வரைக்கும். அப்போது இன்ச் கணக்குதான்.

மாசி ஒன்றாம் தேதி. விடிந்தும் விடியாத நேரம். இப்ராகிம் பாயின் குடோனுக்குள் பதினைந்து பேர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். குளிர்.

எனக்கு முன்னால் ஆறுமுகம் நின்றான். அவன் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவன் முறை வந்ததும் நேராகப் போய் முப்பத்திரண்டை எடுத்தான். தலைவழியாகப் போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றான்.

பாய் வந்து அவன் விலாப் பக்கம் இரண்டு விரலால் கிள்ளினார். ஒரு பிடித் துணி வந்தது.

"முப்பது போடு கண்ணு" என்றார்.

"பாய், கதவைச் சாத்திப்போடுங்க. காத்தடிச்சா ஆளு பறந்துருவாப்ல" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

எல்லோரும் சிரித்தோம். ஆறுமுகமும் சிரித்தான். அவன் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

போன வாரம் லைன் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தின வாரம் ஜின்னிங் பாக்டரிச் சங்கைப் பற்றி. இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டுவிட்டேன். இனித் தள்ள முடியாது.

வேஸ்ட் குடோன்

வேலம்பாளையம் போகிற வழியில் பாயின் குடோன் இருந்தது. பனியன் கம்பெனிகளில் வெட்டி விழும் துண்டுத் துணியை வாங்கிச் சேர்த்து வைப்பார். வேஸ்ட் வியாபாரம். பிறகு பெரிய இடமாகப் பார்த்துச் சரக்கை மாற்றிக்கொண்டார். பழைய குடோன் சும்மா கிடந்தது.

ஒரு தை மாதம் அதைக் கூட்டிப் பெருக்கித் தேகப்பயிற்சிக் கூடம் என்று பலகை மாட்டினார். இரண்டு கரலாக்கட்டை, தண்டால் கட்டைகள், ஒரு பார், கோயம்புத்தூரில் வார்த்து வந்த இரும்புக் குண்டுகள். மண் தரை. மேலே ஓடு. ஓட்டுச் சந்தில் பழைய பஞ்சு அடைந்து கிடந்தது. எட்டாது என்று விட்டுவிட்டோம். யாராவது பாரில் தொங்கி ஆடினால் கொஞ்சம் உதிரும்.

"கம்பெனிக்காரங்க நாள் பூரா குனிஞ்சே இருக்கறீங்க. நிமிந்து நடக்கறவன் ஒருத்தனைக் காணோம்" என்பார் பாய். அதற்காகத்தான் வைத்தார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் சம்சாரம் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் அந்தக் குடோனில் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

அவர் எங்களைக் கேட்டார். சேருகிற அன்றைக்கு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்.

"உனக்கு என்ன வேணும் கண்ணு?"

என்ன வேண்டும்

பவர் டேபிள் மிஷினில் குனிந்து தைக்கிற டைலர் ஒருவர், முதுகு வலி போனால் போதும் என்றார். நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர் தன் மச்சினன்கள் மூன்று பேரை ஒரு தடவையாவது அடிக்க வேண்டும் என்றார். அவர்கள் அவரை இரண்டு தடவை அடித்திருந்தார்கள். திருவிழா நாடகத்தில் பீமன் வேஷத்துக்கு ஆசைப்பட்டு ஒருவர் வந்தார். அவருக்கு வருடா வருடம் நகுலன்தான் கிடைக்கும்.

கட்டிங் மாஸ்டர் ஒருவர் நாற்பது நெம்பர். "எல்லாரும் ஏறோணும்னு வர்றாங்க. நான் ஒருத்தன் எறங்கோணுமுங்க பாய். மேசைக்கும் துணிக்கும் நடுவுல என்ற வயிறு வந்து நிக்குது" என்றார்.

சில பேர் கண்ணாடிக்காகவே வந்தார்கள். பாய் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். லைன் வீடுகளில் முகம் பார்க்கிற கண்ணாடிதான் இருக்கும். என் காலையும் தலையையும் ஒன்றாக நான் பார்த்தது அங்கேதான். முப்பது வயதுக்கு அப்புறம். நான் நினைத்த ஆள் அதில் இல்லை.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆறுமுகம் கூப்பிட்டான், போனேன்.

ஆறுமுகம் சொன்னது நினைவிருக்கிறது. "முப்பத்திரண்டு வேணுமுங்க."

ஆறுமுகத்தின் கணக்கு

அவன், பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு தள்ளுகிறவன். பக்கத்து லைன் வீடு. என்னை மாப்ளே என்பான், நானும் அப்படியே. உறவு கிடையாது. அவன் சம்சாரம் ருக்குமணி என்னை அண்ணா என்று கூப்பிடும்.

ஜின்னிங்கில் பஞ்சு வருகிற மாதங்களில்தான் வேலை. மீதி மாதங்கள் வீட்டில் உட்கார வேண்டும். உள்ளே எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும். தூசிக்கு மருந்து என்று மடியில் ஒரு துண்டு வெல்லம் வைத்திருப்பார்கள். ஆறுமுகத்தின் வேட்டி மடிப்பில் எப்போதும் எறும்பு இருக்கும்.

ஸ்பின்னிங் மில் ஒன்றில் நிரந்தரத்துக்கு ஆள் எடுத்தார்கள். நிரந்தரம் என்றால் பன்னிரண்டு மாதமும் வேலை. இவன் போனான். மில் டாக்டர் டேப் வைத்து அளந்தார். முப்பதுதான் வந்தது. "மாரு முப்பத்திரண்டு இருக்கோணும். ஆடியில மறுபடி எடுப்போம், அப்ப வா" என்று டைம் ஆபீஸ் கிளார்க் அனுப்பிவிட்டார்.

அந்த வாரம்தான் பாய் பலகை மாட்டினார்.

ருக்குமணிக்கு இதில் நம்பிக்கை இல்லை. இருமலைத்தான் அது பார்த்தது. எங்கள் ஊரிலிருந்து தூரத்தில் காசநோய்க்கென்று நெஞ்சு ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே போனதாகத் தெரிந்தாலே லைன் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லுவார். கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள். அதனால் யாரும் போக மாட்டார்கள்.

ஒரு நாள் ருக்குமணி என்னை வைத்துக்கொண்டே அவனிடம் கேட்டது.

"ஆடி வரைக்கும் பாக்கறன். அதுக்குள்ள நீங்க சொல்ற முப்பத்திரண்டு வந்துதுன்னா சரி. வல்லீன்னா ஆசுபத்திரிக்கு வந்துரோணும். ஊடு போனாப் போவுது."

"வர்றன்."

"முருகன் படத்துக்கிட்ட நின்னு சொல்லுங்க."

நின்று சொன்னான். "நீங்களும் கேட்டுக்குங்கண்ணா" என்றது ருக்குமணி. நான் கேட்டுக்கொண்டேன்.

டேப்பும் பனியனும்

கூடத்தில் முதலில் டேப் வைத்துத்தான் அளந்தோம். சண்டை வந்தது. டேப்பைத் தளர்த்திப் பிடித்தால் ஒரு இன்ச் கூடும், இறுக்கினால் குறையும். வேண்டியவனுக்கு ஒரு அளவு, வேண்டாதவனுக்கு ஒரு அளவு.

"டேப்பு, புடிக்கறவன் கையில இருக்குது. பனியன் பொய் சொல்லாது" என்று ஆறுமுகம்தான் சொன்னான்.

எல்லோரும் பனியன்காரர்கள். உடனே புரிந்தது. மாதம் பிறந்தால் முதல் நாள் காலையில் பனியனைப் போட்டுப் பார்ப்பது என்று வழக்கம் வைத்தோம். விலாவில் இரண்டு விரலால் கிள்ளினால் துணி வரக் கூடாது. உடம்போடு நின்றால் அதுதான் உன் நெம்பர். அடுத்த மாதம் பிறக்கிற வரைக்கும் கூப்பிடுவதும் அந்த நெம்பரைச் சொல்லித்தான்.

"முப்பத்தெட்டு, அந்தக் குண்டை இப்படி உருட்டுங்க."

"ஏனுங்க முப்பத்தாறு, பொண்ணு பாக்கப் போனீங்களாமா?"

பனியன்களை நான் கொண்டுவந்தேன். எங்கள் கம்பெனியில் ஓட்டை விழுந்த செகண்ட்ஸ் கிடைக்கும். என் வேலை லேபிள் தைப்பது. நான் நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டுவேன், எண் நன்றாகத் தெரியும். அதனால் அந்த மிஷினில் உட்கார வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது டஜன் கழுத்தில் லேபிள் வைப்பேன். வைத்த பிறகு அந்த நெம்பர்தான் அந்தப் பனியன். கடைக்காரரும் பிரித்து அளக்க மாட்டார், வாங்குகிறவரும் அளக்க மாட்டார்.

தனிப் பனியன்

பங்குனியில் ஆறுமுகத்துக்கு முப்பது பிடித்து நின்றது. மாசியில் இருந்ததை விடக் கொஞ்சம் இறுக்கம்தான். ருக்குமணி தினம் ஒரு முட்டை அவித்துக் கொடுத்தது. தண்டால் நூறு எடுத்தான். மூச்சை இழுத்து இழுத்து விடுவான். அப்படி விட்டால் மார் விரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாரில் தொங்கும்போது ஓட்டிலிருந்து பஞ்சு அவன் மேல் விழும். துடைத்துக்கொள்ள மாட்டான்.

இருமல் கூடியது. அவன் போட்டுக் கழற்றிய பனியனைப் போட மற்றவர்கள் தயங்கினார்கள். அவனுக்கு முன்னால் சொல்லவில்லை. நாற்பது நெம்பர் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளகுட்டிக்காரங்க நாங்க. அவருக்கு மட்டும் வேற பனியன் கொண்டாந்துருங்க."

சித்திரையிலிருந்து ஆறுமுகத்துக்கு ஒரு முப்பது, ஒரு முப்பத்திரண்டு. பழைய பேப்பரில் சுற்றித் தனியாகக் கொண்டுவந்தேன். அவன் பொட்டலத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நமக்கு மட்டும் புதுசாட்ட இருக்குது மாப்ளே" என்றான்.

அன்றைக்கு முப்பதைப் போட்டான். பாய் கிள்ளினார். துணி வந்தது. பாய் கையை எடுத்துவிட்டார். யாரும் கேலி பேசவில்லை. கேலி பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறுமுகம் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். தானே ஒருமுறை கிள்ளிப் பார்த்தான். அவன் முகத்தை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

நான் செய்தது

எங்கள் துணி நிட்டிங் மிஷினிலிருந்து குழாய் மாதிரி வரும். பக்கத்தில் தையல் கிடையாது. ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு மிஷின். அதனால் பக்கத்தில் பிடித்துத் தைத்துச் சின்னதாக்க முடியாது. எந்தப் பனியன்காரனும் கண்டுபிடித்துவிடுவான்.

வைகாசி பிறப்பதற்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனார்கள். பையன்கள் சைஸ் இருபத்தெட்டு. அந்த உருட்டில் மீந்த துண்டை எடுத்தேன். அகலம் இருபத்தெட்டு. நீளத்தை மட்டும் பெரிய ஆள் அளவுக்கு வெட்டினேன். தைத்துக் கழுத்தில் முப்பது லேபிள் வைத்தேன்.

காலையில் அவன் போட்டான். பாய் கிள்ளினார். துணி வரவில்லை.

"முப்பது இறுக்கமா நிக்குது கண்ணு" என்றார் பாய். அவர் குரலே மாறியிருந்தது.

அன்றைக்கு ஆறுமுகம் நூற்றைம்பது தண்டால் எடுத்தான். எனக்கு எண்ணிச் சொல்லும் வேலை.

ஆனி ஒன்றாம் தேதிக்கு இன்னொன்று தைத்தேன். அதே இருபத்தெட்டு உருட்டு. லேபிள் முப்பத்திரண்டு.

ஏன் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மார் நிமிர்த்தி உள்ளே போகிறவனை டாக்டர் டேப் வைக்காமலே எழுதிக்கொள்வார் என்று மில்லில் இருந்தவர்கள் சொல்வார்கள். வேலை கிடைத்துவிட்டால் மில் செலவில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். லைன் வீடும் போகாது. இதெல்லாம் நினைத்தது உண்மை. சித்திரையில் கண்ணாடியில் பார்த்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கக் கூடாது என்று நினைத்ததும் உண்மை. எது முதலில் என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்திரண்டு அவன் உடம்போடு நின்றது. குடோனில் எல்லோரும் கை தட்டினார்கள். பாய் எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். முன்பு கேலி பேசியவர், "கதவைத் தொறந்து உடுங்க. முப்பத்திரண்டு வெளிய வர எடம் பத்தாது" என்றார். ஆறுமுகம் அந்தப் பனியனைக் கழற்றவே இல்லை. அதோடு வீட்டுக்குப் போனான்.

சாயந்திரம் கிணற்றடியில் ருக்குமணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தது.

"முப்பத்திரண்டு வந்துருச்சுங்கறாரு. மெய்யாலுமாங்கண்ணா?"

"வந்துருச்சு அம்மிணி."

"என்ற கண்ணுக்கு எளச்ச மாதிரிதான் தெரியுது."

"தசை இறுகிருச்சு. அப்படித்தான் தெரியும்."

"நீங்க சொன்னாச் சரிங்கண்ணா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரிப் பேச்சை அதற்கப்புறம் அது எடுக்கவில்லை. வாக்கு அப்படி.

ஆடி

மில்லில் ஆள் எடுத்த அன்றைக்குச் சட்டைக்குள் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு போனான்.

மத்தியானம் எங்கள் கம்பெனிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். நான் போனேன். இரண்டு டீ சொன்னேன்.

"என்ன ஆச்சு மாப்ளே?"

"டாக்டரு டேப்பை வெச்சு இறுக்கறாரு. இருபத்தெட்டரைங்கறாரு."

டீ வந்தது. ஒரு டம்ளரை அவன் பக்கம் தள்ளினேன்.

"முப்பத்திரண்டு போட்டுட்டு நிக்கறன். அதைக் கழட்டச் சொல்லிப்போட்டு இருபத்தெட்டரைன்னு எழுதறாரு. சட்டைய மாட்டறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்புட்டாச்சு. நெஞ்சு ஆசுபத்திரிக்குப் போன்னு சீட்டு வேற எழுதிக் கொடுக்கறாரு."

"போய்க் காட்டிட்டு வந்தர்லாமே" என்றேன்.

"அவங்க ஆளு யாரையோ எடுக்கறதுக்கு என்ற அளவைக் கொறச்சுப்போட்டாங்க மாப்ளே. டேப்பு அவங்க கையில." பனியனை விலாவில் கிள்ளிக் காட்டினான். துணி கொஞ்சம் வந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. "பாரு. லேபிளே நீ வெச்சது. உனக்குத் தெரியாதா?"

அது சொல்ல வேண்டிய இடம். கடையில் வேறு ஆள் கிடையாது. நானும் அவனும்தான்.

"டீ ஆறுது, குடி" என்றேன்.

சீட்டைக் கிழித்து டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். ஆவணி முழுக்கக் கூடத்துக்கு வந்தான். மில்லில் அடுத்த தடவை முப்பத்துநாலோடு போய் நிற்கப் போவதாகச் சொன்னான். புரட்டாசியில் ஒரு நாள் பாரில் தொங்கினவன் கீழே விழுந்தான். மண்ணில் ரத்தம் துப்பினான்.

பாய் வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டர் ருக்குமணியிடம் ஒன்றுதான் கேட்டாராம். "ஏம்மா, இத்தனை நாளா என்ன பண்ணுனீங்க?"

இது எனக்குப் பாய் சொன்னது. ருக்குமணி சொல்லவில்லை.

கார்த்திகை

கார்த்திகையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு நாள் இருந்தான். நான் தினம் போய் உட்காருவேன். ஒரு தடவைகூடப் பனியன் பேச்சு வரவில்லை. வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவனைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினோம். ருக்குமணி உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் பனியனை எடுத்து வந்தது. துவைத்து மடித்து வைத்திருந்தது.

"இதைப் போட்டு உடுங்க. அவருக்கு இதுதான் ஆசை."

பாயும் நானும் போட்டுவிட்டோம். தலையை நான் தாங்கினேன். விலாவில் துணி தொளதொளத்தது. கிள்ள வேண்டிய தேவை இல்லை. பாய் அதைப் பார்த்தார். கழுத்தில் இருந்த லேபிளைப் பார்த்தார். கம்பெனிச் சரக்கில் வளர்ந்தவர். அகலத்தைக் கையால் ஒரு தடவை நீவினார். என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அந்த மாதம் குடோன் மூங்கிலில் பனியன் தொங்கவில்லை. அதற்கப்புறமும் தொங்கவில்லை.

வெளியே ஆட்கள் தூக்குவதற்குத் தயாராக இருந்தார்கள். நான் பிளேடு ஒன்று கேட்டேன். யாரோ கொடுத்தார்கள். அவன் தலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தில் இருந்த லேபிளைப் பிரித்தேன். என் தையல், எனக்குத் தெரியும். இரண்டு ஓரம்தான். நூல் சுலபமாக வந்தது.

ருக்குமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"அதை எதுக்குங்கண்ணா எடுக்கறீங்க?"

"கழுத்துல உறுத்தும் அம்மிணி."

ருக்குமணி என் கையில் இருந்த லேபிளைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"அவரு ஒருநாளும் உறுத்துதுன்னு சொன்னதில்லீங்களே" என்றது.